நடுப் பெட்டியில் கௌரி ரீச்சர்

2007 ஓகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையிலுள்ள ஒரு சிறு மண்டபத்தில், சங்கீத ரீச்சர் கௌரி கனகரத்தினம் எழுதிப் பாடிய ஏழு தாலாட்டுகள் டிவிடி இறுவட்டாக வெளியிடப்பட்டன. நூற்றியிருபது பேர் வந்திருந்தார்கள். தொண்ணூற்றாறு இறுவட்டுகள் அன்றே கைமாறின.

செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில், அவற்றை ஒலிப்பதிவு செய்த சவுந்தரநாயகம் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மனைவி மாக்ரெட் எடுத்துக் கேட்டுவிட்டு, வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தியபடி நீட்டினாள்.

"ரீச்சர். குரல் சரியில்லை."

அவர் ஈரக் கையோடு வாங்கினார்.

"சவுந்தரம், நான் எங்க?" என்றார் கௌரி.

"விளங்கேல்லை ரீச்சர்."

"உங்கட இறுவட்டில நான் எங்க எண்டு கேக்கிறன். நேத்துக் காலமையிலயிருந்து ஏழு பேர் எடுத்திட்டினம். தம்பூரா கேக்குதாம். புல்லாங்குழல் கேக்குதாம். பின்னால தகரத்தில மழை விழுறதும் கேக்குதாம். என்னைத்தான் காணேல்லையாம். ஒருத்தி சொல்லுறா, 'அக்கா, புல்லாங்குழல் இறுவட்டெண்டு முதலே சொல்லியிருக்கலாமே' எண்டு."

புல்லாங்குழல் வாசித்தவன் மாக்ரெட்டின் தமையன் மகன்.

"முப்பது வருசம் மேடையில மிருதங்கத்துக்குப் பின்னால இருந்து பாடினனான். அது எனக்குப் பழகின விசயம். உங்களிட்ட வந்தது அதுக்கில்லை." தொலைபேசி வைக்கப்பட்டது.

மாக்ரெட் துவாயை நீட்டினாள். "என்னவாம்?"

"தன்னைக் காணேல்லையாம்."

"எந்த நேரமும் நீங்கள் ரீச்சரைத்தானே வைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்? எனக்கே ஏழும் பாடம். குசினிக்க நிண்டு நானே பாடுவன்."

அது உண்மைதான். மூன்று மாதமாக அந்த வீட்டில் வேறு குரல் கேட்கவில்லை.

சவுந்தரநாயகத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னிலிருந்து கொழும்புத் துறைமுக வேலைக்கு வந்தவர். மகன் பதினெட்டு வயதில் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போய், அதிலேயே ஊன்றி, ஐம்பத்தெட்டு வயதில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கி வைத்திருந்தார். சென்ற வருடம் நுகேகொடையில் ஒரு கூடத்தை மூடியபோது அங்கிருந்த ஐந்து ஸ்பீக்கர்களையும் அடித்தொனிக்கான பாஸ் பெட்டியையும் வாங்கி வந்தார். முன்னால் இடது, வலது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. அந்த ஐந்துக்கும் நடுவே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்த அன்றைக்கு, இத்தனை வருடமும் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம் என்று அவருக்குப் பட்டது.

கௌரியின் தாலாட்டுகளுக்கு இந்த ஐந்து பெட்டி வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். பின்னிரண்டில் தகரக் கூரை மழை. முன்னிரண்டில் தம்பூராவும் குழலும். குரலை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு வாரம் போனது.

ஒரு சனிக்கிழமை கௌரியைக் கூப்பிட்டு இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். முதலாவதில் குரலை இடதிலும் வலதிலும் சரிபாதியாக வைத்திருந்தார். அப்படி வைத்தால் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமேயில்லாத வெளியில், ஆள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். நூறு வருடப் பழக்கம்போல எல்லாரும் செய்வது அதுதான். இரண்டாவதில் குரல் நடுப் பெட்டியில் மட்டும்.

கௌரி கதிரையில் இருந்து கேட்டார். பிறகு எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவடிக்கும் யன்னலடிக்கும் நடந்து நடந்து கேட்டார். திரும்ப முதலாவதைப் போடச் சொன்னார். திரும்ப நடந்தார்.

"முதலாவதில நான் உங்களோட சேந்து நடக்கிறன், என்ன? நீங்கள் கதவடிக்குப் போனா நானும் கதவடிக்கு வாறன்."

"ஓம். கிட்ட இருக்கிற பெட்டிப் பக்கம் குரல் சாயும். கதிரையில இருக்கிற ஒராளுக்குத்தான் நடு நடுவா இருக்கும்."

"ரெண்டாவதில நான் ஒரு இடத்தில இருக்கிறன். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் தாய் ஒரு இடத்திலதானே இருப்பா. இதைப் போடுங்கோ."

"ரீச்சர், ஒண்டு யோசியுங்கோ. அந்தப் பெட்டிக்க உங்களுக்குத் துணைக்கு ஆருமில்லை. மேல் ஸ்தாயியில அந்தக் கரகரப்பு இருக்கு. மூச்சு எடுக்கிற சத்தம் இருக்கு. பெட்டியில காதை வைச்சா எல்லாம் தெரியும்."

"அறுபத்திரண்டு வயசில கரகரக்காட்டித்தான் ஆக்கள் சந்தேகப்படுவினம். கேக்கட்டும்."

அப்படித்தான் முடிவானது. ஆனால் சவுந்தரநாயகத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு விசயம் இருந்தது. இந்த வேலையில் இறங்குமுன் இன்ரநெற்றில் வெளிநாட்டு ஒலிப்பதிவாளர்கள் சண்டை பிடிப்பதையெல்லாம் அச்செடுத்து வாசித்தவர் அவர். நூறு விசயத்தில் முரண்பட்டவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். கேட்பவரின் வீட்டில் நடுப் பெட்டி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே உனக்குத் தெரியாது. ஆகவே பாடுகிறவரை அதற்குள் தனியே விட்டுவிட்டுப் போகாதே. அதனால் அவர் இடதிலும் வலதிலும் குரலின் மெல்லிய இழை ஒன்றை ஓடவிட்டிருந்தார். வேலை முடிகிற கடைசி நாள், அந்த இழை குரலைக் கொஞ்சம் கலங்கலாக்குவதாகப் பட்டது, ஒரே சொல்லை மூன்று வாய் சொல்வதுபோல. அதை எடுத்துவிட்டார். குரல் கண்ணாடிபோலத் தெளிந்தது. கௌரிக்கு அதைச் சொல்லவில்லை.

இப்போது அந்த இழைதான் நெஞ்சில் அறுத்துக்கொண்டிருந்தது.

இறுவட்டைப் போட்டுப் பார்த்தார். குரல் இருந்தது. அச்சில் பிழையோ என்று இறுவட்டுக் கட்டிலிருந்து இன்னும் மூன்றை எடுத்துப் போட்டார். மூன்றிலும் இருந்தது. ஏழு வீட்டில் ஏழு நடுப் பெட்டியும் ஒரே கிழமையில் பழுதாகாது.

அன்று பின்னேரமே மருதானைக்குப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஹுசைனின் கடை. ஹோம் தியேற்றர் பழுது பார்ப்பதில் கொழும்பில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஹுசைனே சொல்லுவான். கடைக்குள் பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த செற் ஒன்றில் இறுவட்டைப் போட்டார்கள். கௌரி நடுவில் இருந்து பாடினார். ஹுசைன் ஸ்குரூட்ரைவரைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்.

"மாஷா அல்லா. நல்லாத்தானே பாடுறாங்க. என்ன குறை?"

"வெள்ளவத்தையில கேக்கேல்லையாம்."

ஹுசைன் சிரித்தான். "வெள்ளவத்தையா? அண்ணன், ஒரு விசயம் சொல்றேன். இந்தக் கடைக்கு அந்தப் பக்கத்துச் செற் மாசத்துக்குப் பத்துப் பன்னெண்டு வருது. முன்னுக்கு ரெண்டும் வரும். எலி கடிச்ச வயரோட பின்னுக்கு ரெண்டும் வரும். பாஸ் பெட்டி வரும். நடுவுல வைக்கிற சென்ரர் மட்டும் வாறதே இல்ல. இந்த வருசம் ஒரு சென்ரர் நான் திறக்கல்ல. பாவிச்சாத்தானே பழுதாகும்?"

"ஏன் பாவிக்கினமில்லை?"

"அத நீங்க உங்கட ஆக்கள்ட்டத்தான் கேக்கணும். நான் கேட்டா சிரிச்சிட்டுப் போறாங்க."

வியாழக்கிழமை சவுந்தரநாயகம் தன் கூடத்து நடுப் பெட்டியைக் கழற்றி ஒரு பயணப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினார். ஏழு பேரில் கௌரிக்கு மிக நெருக்கமான வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது எண்ணம். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த இளம் பொலிஸ்காரன் பையைத் திறக்கச் சொன்னான்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"ஸ்பீக்கர் எக்கக், மாத்தயா."

பொலிஸ்காரன் அதைத் தூக்கிக் காதோடு வைத்துக் குலுக்கினான். பின்பக்கத் தகட்டைத் திறக்கச் சொன்னான். மற்றவர்கள் திரும்ப ஏறியபின்னும் பஸ் காத்து நின்றது. யன்னலால் இருபது முகம் பார்த்தது. சவுந்தரநாயகம் பையிலிருந்த ஸ்குரூட்ரைவரை எடுத்து நடைபாதையில் குந்தி இருந்து ஆறு ஆணியையும் கழற்றினார். உள்ளே காந்தமும் பஞ்சும் இருந்தன. பொலிஸ்காரன் பஞ்சுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, திடீரென்று நினைத்துக்கொண்டவன்போல, "எக்காய்த? அனித் எக்க கோ?" என்றான். ஸ்பீக்கர் என்றால் இரண்டாகத்தான் இருக்கும். மற்றது எங்கே?

இது சோடியில்லாத ஸ்பீக்கர் என்று சிங்களத்தில் விளக்க அவருக்குச் சொல் வரவில்லை. மற்றது வீட்டில் என்றார். பொலிஸ்காரன் அவர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போகச் சொன்னான்.

கௌரி அந்த வீடு இருந்த மாடிக்கட்டடத்தின் வாசலில் குடையோடு நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "நாலாம் மாடி. லிஃப்ற் வேலை செய்யாது," என்று மட்டும் சொன்னார்.

வீடு நாகேந்திரத்துடையது. தனியார் வங்கியொன்றில் எழுதுவினைஞர். மனைவி வதனி கௌரியிடம் சங்கீதம் படித்தவள். கலியாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை ஒன்று, ஏழு மாதம், பாயில் குப்புறக் கிடந்து ஒரு கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. தாலாட்டு இறுவட்டு வரப்போகிறது என்றதும் முதல் ஆளாகச் சொல்லிவைத்தவர்கள் இவர்கள்.

"போட்டுக் காட்டுங்கோ தம்பி," என்றார் சவுந்தரநாயகம்.

நாகேந்திரம் ரீவியை நிற்பாட்டிவிட்டுப் போட்டார். மழை பெய்தது. தம்பூரா இழைந்தது. குழல் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு யாருக்கோ வழிவிட்டதுபோல் ஒதுங்கியது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. கௌரி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு உயரப் பெட்டிகள் நின்றன. நடுவில் ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடி.

"சென்ரர் எங்க?" என்றார் சவுந்தரநாயகம்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வதனி எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தாள். பிள்ளையின் சட்டைகளுக்கு அடியில், குளிக்கும் துவாயில் சுற்றி, அது இருந்தது.

"அது, அண்ணை..." என்று தொடங்கினார் நாகேந்திரம். "போன வருசம் மார்கழி. ஒரு படம் பாத்துக்கொண்டிருந்தம். கோர்ட்டில நாலு பேர் வாதாடுற கட்டம். கொஞ்சம் சத்தமா வைச்சிட்டன், புதுச் செற்தானே. அரை மணித்தியாலத்தில கதவில தட்டு. மூண்டு பொலிஸ். 'மீற்றிங் வைக்கிறீங்களாம், நாலு ஆம்பிளையள் கத்தினவங்களாம், எங்க அவங்கள்?' கட்டிலுக்குக் கீழ பாத்தாங்கள். தண்ணித் தாங்கிக்கயும் பாத்தாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன, அந்தக் கட்டத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினன். பெரியவர் கதிரையில இருந்து முழுசாப் பாத்தார். ஆர் வெல்லுறதெண்டும் கேட்டார்."

வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவர் முடிவைச் சொல்லாமல் முழுசிக்கொண்டு நிண்டவர், ரீச்சர். நான்தான் சொன்னனான்."

"சிரிச்சுப்போட்டு என்ர பேரையும் எழுதிக்கொண்டு போனவர்," என்றார் நாகேந்திரம். "அண்டைக்கே கழட்டிப்போட்டன். படத்தில கதைக்கிறதெல்லாம் இதுக்காலதானே வருது. பேச்சு இல்லாட்டி ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். வெறும் மியூசிக் சுவருக்கு வெளியில போனா அது தமிழுமில்லை சிங்களமுமில்லை."

"படம் பாக்கேக்க?"

"ரீவியின்ர சின்ன ஸ்பீக்கரில மெல்லமாக் கேக்கும். கிட்டப்போய் இருந்து பாப்பம். பழைய பாட்டு இறுவட்டுகளில ரெண்டு பக்கமும் குரல் இருக்கும், அதால வித்தியாசம் தெரியேல்லை. ரீச்சரின்ர இறுவட்டு வந்தாப்பிறகுதான்..." அவர் நிறுத்தினார். "இது கழட்டினதாலதான் எண்டு எனக்கு ஓடவேயில்லை, அண்ணை. சத்தியமா. அதை மறந்தே போனன்."

"உங்கட வீட்டில மட்டுமோ?" என்றார் கௌரி. அந்த வீட்டுக்கு வந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"நான் கழட்டினதைக் கேட்டு மேல் மாடி தில்லைநாதன் ஐயாவும் கழட்டினவர். பிறகு எதிர் வீடு. ஆனியில லொட்ஜுகளில இருந்த எங்கட ஆக்களைப் பொலிஸ் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினாப்பிறகு மிச்சப் பேரும். இந்தக் கட்டடத்தில செற் இருக்கிற எங்கட வீடு ஆறு. ஆறிலயும் இல்லை."

சவுந்தரநாயகம் தன் பையைத் திறந்தார். வதனி அதைப் பார்த்ததும், ஒருவரும் சொல்லாமலே, எழும்பிப் போய் யன்னல்களைச் சாத்தினாள். சவுந்தரநாயகம் பூச்சாடியை எடுத்துவிட்டு நடுப் பெட்டியை வைத்து வயரைப் பொருத்தினார். முதல் தாலாட்டைத் திரும்பப் போட்டார்கள்.

குழல் ஒதுங்கியது. கௌரி பாடினார். கரகரப்பும் மூச்சுமாக, ரீவிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து பாடினார். பிள்ளை கரண்டியைக் கைவிட்டது. தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தது. பிறகு பக்கத்திலிருந்த கௌரியைப் பார்த்தது. வதனி வாயில் கைவைத்துக்கொண்டாள். நாகேந்திரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய பெருவிரல் றிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தானின்மேல் இருந்தது. இரண்டாவது சரணம் வந்தபோது அது இரண்டு தரம் அமுங்கியது. தான் அமுக்கியதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் சவுந்தரநாயகம் வயரைக் கழற்றினார். இருக்கட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

படியிறங்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார்.

"ரீச்சர், ஒண்டு சொல்லவேணும். ரெண்டு பக்கமும் உங்கட குரலில ஒரு இழை விட்டிருந்தனான். இப்பிடி ஏதும் நடக்கும் எண்டுதான் விட்டது. கடைசி நாள் எடுத்துப்போட்டன். உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"எடுத்தா வடிவா இருந்தது."

கௌரி கைபிடிச் சுவரில் குடையைச் சாத்திவிட்டு நின்றார். கீழே யாரோ தண்ணீர் மோட்டரைப் போட்டார்கள்; கட்டடம் முழுக்க உறுமியது.

"நானும் அதைத்தானே கேட்டனான்," என்றார் பிறகு.

"நீங்கள் தெரியாமல் கேட்டனீங்கள். நான் தெரிஞ்சு செய்தனான்."

"அதுவும் சரிதான்." அவர் அதை மன்னிப்பாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. "மூண்டு நாளா உங்களை என்னென்ன நினைச்சன் எண்டு சொன்னா மாக்ரெட் எனக்கு இனித் தேத்தண்ணி தரமாட்டா. இப்ப என்ன செய்யலாம்?"

"ஒவ்வொரு செற்றிலயும் ஒரு இடம் இருக்கு, சென்ரர் இல்லை எண்டு பதிஞ்சா நடுக் குரல் தானா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வரும். அதை எப்பிடிச் செய்யிறதெண்டு ஒரு தாள் அடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம். இல்லாட்டி, கழட்டினதைப் பூட்டிப்போட்டுக் கேளுங்கோ எண்டு..."

"வேண்டாம். பிரிச்சு விட்டாலும் சத்தத்தைக் குறைக்கத்தான் போகினம்; பயப்பிடாதேங்கோ எண்டு தாள் அடிச்சுக் குடுக்கேலாது." கௌரி குடையை எடுத்துக்கொண்டார். "அந்தப் பொடியன் சத்தத்தைக் குறைச்சதைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"அந்தச் சத்தத்தில என்ர சொல்லு விளங்கவேணும். அப்பிடிச் செய்யேலுமோ?"

நாற்பது வருடத்தில் சவுந்தரநாயகத்திடம் வந்த எல்லாரும் இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"செய்யலாம்," என்றார். "மழையைக் குறைக்கவேணும். குழலையும் குறைக்கவேணும்."

"உங்கட மருமகன் கோவிப்பான்."

"கோவிக்கட்டும்."

அந்த வேலைக்கு ஐந்து வாரம் எடுத்தது. காலையில், ஒழுங்கையில் மீன்காரனும் முச்சக்கரவண்டிகளும் போகிற நேரத்தில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். சத்தத்தை எவ்வளவு தாழ்த்தினார் என்றால், குசினியிலிருந்து மாக்ரெட் இரண்டு தரம் வந்து மெஷின் பழுதோ என்று எட்டிப் பார்த்தாள். அவள் குசினியில் நின்றபடி சொல் விளங்குகிறது என்றால் அது கூடிப்போயிற்று. கதிரையில் இருக்கும் அவருக்கு ஒரு சொல்லாவது தவறினால் அது குறைந்துபோயிற்று. அந்த இடைவெளிக்குள் ஏழு தாலாட்டையும் கொண்டுவந்து வைத்தார். உரத்த இடங்களைத் தணித்து, சொல்லின் கடைசி எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாக உயர்த்தினார். குரல் இடதிலும் வலதிலும் சரிபாதி நின்றது. நடுப் பெட்டிக்கு ஒரு இழையாவது விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். விட்டுப் பார்த்தார். பிறகு அதன் வயரையே கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை முடித்தார்.

முடிந்த அன்று கௌரி வந்தார். கதிரையில் இருந்து ஒரு பாட்டுக் கேட்டார். பிறகு எழும்பிக் கதவடிக்குப் போனார்.

"திரும்பவும் நடக்கத் தொடங்கிட்டன், என்ன?"

"ஓம் ரீச்சர். கொஞ்சம்."

அவர் யன்னலடிக்குப் போய் வெளியே தலையை நீட்டி, ஒழுங்கையில் ஏதும் கேட்கிறதா என்று பார்த்தார். முன்வீட்டு மெற்றில்டா இரண்டடி தள்ளி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மெற்றில்டா அக்கா, ஏதும் பாட்டுக் கேக்குதோ?" என்று கேட்டார் கௌரி. "எங்க?" என்றார் மெற்றில்டா. கௌரி உள்ளே திரும்பி, இதைப் போடுங்கோ என்றார்.

இரண்டாவது இறுவட்டு நவம்பர் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, விழா இல்லாமல் வெளிவந்தது. முதலாவதை வாங்கியவர்களில் எழுபத்தொரு பேர் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். முதலாவதில் ஒன்றைக் கௌரி தன்னிடம் வைத்துக்கொண்டார். நாகேந்திரமும் மாற்றினார். அவர் வீட்டில் பிள்ளையை நித்திரையாக்க அதைச் சத்தம் ஒன்பதில் வைத்துப் போட்டார்கள். சொல் விளங்கியது. நடுப் பெட்டி அலுமாரியிலேயே இருந்தது.